கை தூக்குகிறாள் சரி, தோள் திரும்புகிறதா?

போன மாதம் இந்தப் பகுதியில், பிறக்கும்போதே ஒரு கை துவண்டுபோன குழந்தையைப் பற்றி நாலே வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் முழுக்க அதற்கே. அப்புறம், பலர் ‘டாக்டரம்மா’ என்று எழுதுகிறீர்கள். நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். இருபத்தாறு வருஷமாகக் குழந்தைகளின் கைகால்களோடு மல்லுக்கட்டுகிறவள். மருந்தும் ஆபரேஷனும் உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியவை. என் கைக்கும் கண்ணுக்கும் பழகியதை நான் சொல்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு ஏழு வாரம். சுகப்பிரசவம்தான், ஆனால் தலை வந்தபிறகு தோள் மாட்டிக்கொண்டது. எடை 4.2 கிலோ. இடது கை துவண்டு கிடக்கிறது, விரல்களை மட்டும் மடக்குகிறான். டாக்டர், “நரம்பு இழுபட்டிருக்கு, சரியாகிடும்” என்றார். என் மாமியாரோ, “உரம் விழுந்திருக்கு, சேலையில போட்டு உருட்டினா சரியாப்போகும்” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, உசிலம்பட்டி

உருட்ட வேண்டாம். அத்தையிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். என் அம்மாச்சியும் ஊரில் உரம் எடுக்கிறவர்தான். நைந்த நூல் சேலையின் நடுவில் பிள்ளையைக் கிடத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, இப்படியும் அப்படியும் புரட்டுவார்கள். அழுத பிள்ளை அதிலேயே தூங்கிப்போவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் மகனுக்கு வந்தது சுளுக்கு இல்லை. புரட்டும்போது துவண்ட கை உடம்புக்கு அடியில் போனால் அதை இழுத்துக்கொள்ள அவனால் முடியாது. தோள் மாட்டிய பிரசவத்தில் காறை எலும்பும் முறிந்திருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேளுங்கள்.

நடந்தது இதுதான். கழுத்துத் தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் கிளம்பி, காறை எலும்புக்கு அடியில் ஒன்றோடொன்று பின்னி, பிரிந்து கைக்குப் போகின்றன. பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்பது இந்தப் பின்னலின் பெயர். தலை வெளியே வந்து தோள் அம்மாவின் இடுப்பெலும்பில் மாட்டும்போது, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இழுவை விழுகிறது. முதலில் அடிபடுவது மேலே இருக்கிற இரண்டு வேர்கள். தோளை அசைப்பதும் முழங்கையை மடக்குவதும் அவற்றின் வேலை. விரல்களை மடக்குவது பெரும்பாலும் கீழ் வேர்களின் வேலை. அதனால்தான் உங்கள் மகன் விரலை மடக்குகிறான், கையைத் தூக்கவில்லை. தோள் உள்பக்கம் திரும்பி, முழங்கை நீண்டு, மணிக்கட்டு மடங்கி, உள்ளங்கை பின்னால் பார்த்தபடி இருக்கும். டிப்ஸ் வாங்கும் சர்வரின் கை என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் பின்னால் கை நீட்டி லஞ்சம் வாங்குகிற கை என்று நான் சொல்வேன். அழுதுகொண்டு வரும் அம்மாக்கள்கூட அதைக் கேட்டு ஒரு நொடி சிரித்துவிடுவார்கள்.

ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இது வருகிறது. நிறையப் பேருக்குத் தானாகவே தேறும். டாக்டர் சொன்னது பொய்யில்லை. ஆனால் ‘சரியாகிடும்’ என்ற சொல்லோடு ஒரு காலண்டரையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். அறுந்த நரம்பிழை திரும்ப வளர்வது நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கழுத்திலிருந்து மேல்கைக்கு வந்து சேரவே மாதக்கணக்காகும். அதனால் மூன்று மாதம் முடியும்போது பாருங்கள்: முழங்கையை அவனாகவே மடக்குகிறானா? மடக்காவிட்டால், ‘இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்’ என்று வீட்டில் உட்கார வேண்டாம். இந்த நரம்பு ஆபரேஷன் செய்கிறவர்களிடம் காட்டுங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறை இருக்கிறது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் நடுவில்தான் இந்த ஆபரேஷனைச் செய்வார்கள். கெண்டைக்காலின் பின்பக்கம் ஓடும் ஓர் உணர்ச்சி நரம்பை எடுத்து, அறுந்த இடத்தில் ஒட்டுப்போடுவது அதில் ஒரு வழி.

சில குழந்தைகளுக்கு மூன்று மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது. விரல்களும் சேர்ந்து துவண்டிருந்தாலோ, அதே பக்கக் கண் இமை இறங்கிக் கருவிழியின் பாப்பா சிறுத்திருந்தாலோ உடனே போக வேண்டும். மூச்சு வாங்கினால் அன்றைக்கே.

வீட்டில்: சட்டை போடும்போது துவண்ட கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். தூளியில் போட்டால் அந்தக் கை முதுகுக்குப் பின்னால் போய்விடாமல் நெஞ்சின் மேல் இருக்கட்டும்.

கேள்வி: மகளுக்கு இரண்டரை வயது. பிறந்தபோது வலது கை அசையவே இல்லை. ஒரு வயதுக்குள் தூக்க ஆரம்பித்துவிட்டாள். “கை வந்துருச்சு” என்று பிசியோவையும் நிறுத்திவிட்டோம். இப்போது சாப்பிடும்போது முழங்கை தோள் உயரத்துக்குப் போகிறது, கல்யாண பேண்டில் ட்ரம்பெட் ஊதுகிறவர் மாதிரி. சோறு பாதி மடியில் விழுகிறது. குளிப்பாட்டும்போது கழுத்தோரம் ஓர் எலும்பு கூம்பாக முட்டுவதாக என் மனைவி சொல்கிறாள். பழக்கதோஷம்தானே, வளர வளரச் சரியாகுமா?
- வாசகர், மணப்பாறை

பழக்கம் இல்லை, சார். ட்ரம்பெட் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மருத்துவத்திலும் அதற்கு அதே பெயர்தான்.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். உங்கள் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, கையை வாய்க்குக் கொண்டுபோங்கள். சுலபமாகப் போகும். அடுத்து, முன்கையை வயிற்றோடு ஒட்டி, தோள் வெளிப்பக்கம் திரும்பவே கூடாது என்று பிடிவாதமாக வைத்துக்கொண்டு வாய்க்குப் போக முயலுங்கள். முழங்கையைத் தூக்கினால்தான் முடியும். உங்கள் மகளின் தோள் வெளியே திரும்பவில்லை. அவள் கெட்டிக்காரி, வேறு வழி கண்டுபிடித்திருக்கிறாள்.

அந்த எலும்புக் கூம்பும் இதே கதையின் மறுபக்கம். தோள் மூட்டு இறுகிப்போனால், கையைத் திருப்பும்போது மூட்டு திரும்பாமல் முதுகிலிருக்கும் சப்பை எலும்பு மொத்தமாகச் சுழலும். அதன் மேல்முனை கழுத்தோரத்தில் முட்டிக்கொண்டு வரும். கையைத் தூக்கும்போதும் இப்படித்தான். தூக்குவதில் பாதி வேலையைச் சப்பை எலும்பு செய்கிறது. பார்க்கிறவர்களுக்குக் கை மேலே போவது மட்டும்தான் தெரியும்.

ஏன் இப்படி? நான் படித்த காலத்தில் கயிறிழுக்கும் போட்டி என்று சொல்லிக்கொடுத்தார்கள். தோளை வெளியே திருப்பும் முக்கியத் தசை, சப்பை எலும்பின் முதுகுப் பக்கம் இருக்கிற இன்ஃப்ராஸ்பைனேட்டஸ். அது மேல் வேர்களை மட்டுமே நம்பியிருக்கிறது. உள்ளே திருப்பும் தசைகளுக்குக் கீழ் வேர்களிலிருந்தும் நரம்பு வருவதால் அவை பிழைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் இழுக்க ஆளில்லை, மறுபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் கை உள்ளே திரும்பியபடி நின்றுவிடுகிறது. இது சரிதான், ஆனால் முழுக்கதை இல்லை. உள்ளே திருப்பும் தசைகளில் முக்கியமானது சப்ஸ்கேபுலாரிஸ், சப்பை எலும்புக்கும் விலாவுக்கும் நடுவே ஒளிந்திருப்பது. இந்தக் குழந்தைகளை எம்ஆர்ஐ எடுத்தால் ‘ஜெயித்த’ இந்தத் தசையும் மெலிந்துதான் இருக்கிறது. சிலருக்கு மெலிந்த தசைக்குள் கொழுப்பு வெள்ளை வெள்ளையாக ஊடுருவியிருக்கும்.

அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையின் ஆராய்ச்சிக் குழுவினர் எலிக்குட்டிகளின் கை நரம்பை வெட்டி இதைக் கவனித்தார்கள். பிறந்த புதிதில் நரம்பை இழந்த தசை, எலும்பு நீள்கிற வேகத்துக்கு நீளவில்லை. முதல் பிறந்தநாளுக்குத் தைத்த சட்டையை மூன்றாம் பிறந்தநாளுக்கும் மாட்டிவிட்டால் எப்படி இருக்கும்? சட்டையின் பலம் குறையவில்லை, பிள்ளை வளர்ந்துவிட்டது, சட்டை வளரவில்லை. அதேதான் இங்கேயும். தசைப் புரதத்தை உடம்பு அளவுக்கு மீறிச் சிதைப்பதுதான் காரணம் என்று கண்டு, அதைத் தடுக்கும் ஒரு புற்றுநோய் மருந்தைக் கொடுத்தபோது எலிக்குட்டிகளின் தசை அவ்வளவாக இறுகவில்லை. எலிக்குட்டிகளில்தான், குழந்தைகளுக்கு இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்குப் போகாதீர்கள்.

தசை மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. தோளின் பந்து உட்காரும் குழி ஒரு தட்டையான கிண்ணம். சின்ன வயதில் அதில் பெரும்பகுதி குருத்தெலும்புதான், பிசைந்த மாவு மாதிரி. எப்படி அழுத்துகிறோமோ அப்படி உருவாகும். கை எப்போதும் உள்ளேயே திரும்பியிருந்தால் பந்து பின்னோக்கித் தள்ளி, கிண்ணத்தின் பின்விளிம்பைத் தேய்க்கும். குழி சரிந்துபோகும், பந்து பாதி நழுவி நிற்கும். முதல் வயதுக்குள்ளேயே இது நடக்கலாம். வலிக்காது, அதனால் யாருக்கும் தெரியாது.

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். பதினான்கு மாதத்தில் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். நான் கைதட்டினேன், அவன் அம்மா அழுதார். அட்டையில், “கை நன்றாக வந்துவிட்டது, இனி வரத் தேவையில்லை” என்று எழுதி அனுப்பினேன். நாலரை வயதில் திரும்பி வந்தார்கள். தோளின் பின்பக்கம் உருண்டையாகப் புடைத்திருந்தது. பந்து நழுவி அங்கே போய் நின்றிருந்தது. அந்த அம்மா பழைய அட்டையை பிளாஸ்டிக் கவரில் போட்டு அப்படியே வைத்திருந்தார். நீல மையில் என் கையெழுத்து. திட்டவில்லை. “நீங்கதானே மேடம் வர வேணாம்னீங்க” என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் எந்தக் குழந்தையின் அட்டையிலும் அந்த வாக்கியத்தை நான் எழுதியதில்லை.

இப்போது உங்கள் மகளுக்கு வருவோம். மடியில் உங்களுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும், முன்கைகள் நேர் முன்னே, தட்டு ஏந்துவது மாதிரி. பீரோவின் இரட்டைக் கதவைத் திறப்பதுபோல் இரண்டு முன்கைகளையும் மெதுவாக வெளியே திறங்கள். இடது கை எவ்வளவு போகிறது, வலது கை எங்கே நிற்கிறது? முழங்கை விலாவை விட்டு விலகினால் கணக்கில் சேராது. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் வலது கதவு பாதிகூடத் திறக்காது என்று நினைக்கிறேன்.

வித்தியாசம் தெரிந்தால் குழந்தை எலும்பு மருத்துவரிடமோ கை அறுவை நிபுணரிடமோ போய், “தோள் மூட்டு இடத்தில் இருக்கிறதா?” என்று இதே வார்த்தைகளில் கேளுங்கள். கைக்குழந்தைக்கு அல்ட்ராசவுண்டிலேயே தெரிந்துவிடும். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. உங்கள் மகள் வயதில் எம்ஆர்ஐ கேட்பார்கள், மயக்கம் கொடுத்து எடுப்பார்கள், பயப்பட வேண்டாம்.

மூட்டு இடத்தில் இருந்தால், நான் சொன்ன கதவு திறக்கிற அசைவேதான் பயிற்சியும். முழங்கை விலாவோடு இருக்க, முன்கையை வெளியே திருப்பி, இருபது எண்ணும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் அரைமணி நேரம் செய்வதைவிட, ஒரு நாளில் பல தடவை இரண்டிரண்டு நிமிஷம் மேல். கைக்குழந்தை என்றால் துணி மாற்றும்போதெல்லாம். இவளுக்கு டிவி பார்க்கும்போது, தலை பின்னும்போது, தூங்குமுன். இழுக்கக் கூடாது, திருப்ப வேண்டும். ‘டொக்’ என்று சத்தம் வந்தாலோ அவள் முகம் சுளித்தாலோ அதோடு நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நழுவியிருக்கும் மூட்டைப் பலவந்தமாகத் திருப்பினால் குழிதான் கெடும்.

பயிற்சியால் வராத இறுக்கத்துக்கு, உள்ளே இழுக்கும் தசைகளில், அவற்றைக் கொஞ்ச காலம் தளர்த்திவைக்கும் போடாக்ஸ் ஊசி போட்டு, மூட்டைச் சரியான இடத்தில் வைத்துச் சில வாரம் மாவுக்கட்டு போடுவது உண்டு. அதற்கும் அசையாவிட்டால் ஆபரேஷன். இரண்டரை வயது தாமதமில்லை. குழிக்கு இன்னும் திருந்துகிற வயசுதான்.

கேள்வி: பேத்திக்குக் கை மெலிந்திருக்கிறது. தினமும் உளுந்துத் தைலம் தேய்த்து ஒத்தடம் கொடுத்தால் சதை பிடிக்குமா?
- வாசகி, பழனி

தேயுங்கள் அம்மா, தப்பில்லை. ஆனால் நரம்பு வராத தசைக்கு எண்ணெய் உயிர் கொடுக்காது. தேய்க்கிற சாக்கில் தோளையும் முழங்கையையும் முழுசாக அசைத்துவிடுகிறீர்கள் பாருங்கள், அதில்தான் பலன். ஒத்தடம் மட்டும் வேண்டவே வேண்டாம். இந்தக் குழந்தைகள் சிலருக்கு அந்தக் கையில் சூடு உறைக்காது. தோல் வெந்துபோகிற வரை பிள்ளை அழாது. விரலைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்கிறாளா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகனுக்கு ஆறு வயது. தோளுக்கு ஆபரேஷன் சொல்கிறார்கள். முதுகிலிருக்கிற நல்ல தசையைக் கழற்றித் தோளில் வைத்துத் தைப்பார்களாம். இருக்கிற நல்லதையும் கெடுத்துக்கொள்கிறோமா?
- வாசகர், விருதுநகர்

நியாயமான பயம். கழற்றப்போவது பெரும்பாலும் லாட்டிசிமஸ் டார்சை, டெரஸ் மேஜர் என்ற இரண்டு தசைகள். அக்குளின் பின்சுவரைப் பிடித்துப் பாருங்கள், தடிமனாக வருகிறதே, அவைதான். இரண்டும் கையை உள்ளே திருப்புபவை. அவற்றின் முனையை மேல்கை எலும்பின் முன்பக்கத்திலிருந்து எடுத்துப் பின்பக்கம் தைத்துவிட்டால், அதே தசை சுருங்கும்போது கை வெளியே திரும்பும். கயிறிழுப்பில் எதிரணி ஆளை நம் பக்கம் இழுத்துக்கொள்வது மாதிரி. மற்ற தசைகள் பங்கு போட்டுக்கொள்வதால் முதுகு பலவீனமாகாது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வெளியே திரும்புவது கூடினால் உள்ளே திரும்புவது குறையலாம். சட்டைப் பொத்தான் போட, டவுசர் ஜிப்பை இழுக்க, கால் கழுவ எல்லாம் கை உள்ளேதான் திரும்ப வேண்டும். தலை சீவ வந்த கை தொப்புளைத் தொட முடியாமல் போனால் பையன் நம்மைத்தான் திட்டுவான். டாக்டரிடம், “இவன் கை இப்போது வயிற்றுக்கும் முதுகுக்கும் எவ்வளவு போகிறது, ஆபரேஷனுக்குப் பின் எவ்வளவு மிஞ்சும்?” என்று கேளுங்கள். நல்ல சர்ஜன் இந்தக் கேள்விக்குச் சந்தோஷப்படுவார். நாங்கள் மாலட் என்ற அளவுகோலில் ஐந்து காரியம் பார்ப்போம்: கையைப் பக்கவாட்டில் தூக்கு, வெளியே திருப்பு, பிடரியைத் தொடு, முதுகைத் தொடு, வாய்க்குக் கொண்டுபோ. ஆபரேஷனுக்கு முன் இந்த ஐந்தையும் உங்கள் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பிற்பாடு ‘தேறியிருக்கிறானா இல்லையா’ என்று வீட்டில் சண்டை வராது.

தசையை மாற்றிவைக்க, மூட்டு ஓரளவு உருண்டையாகவும் இடத்திலும் இருக்க வேண்டும். குழி ரொம்பச் சிதைந்துபோன பெரிய பிள்ளைகளுக்கு மூட்டைத் தொடாமல், மேல்கை எலும்பை வெட்டித் திருப்பி வைத்துவிடுவார்கள். அதுவும் நல்ல வழிதான்.

கட்டு பிரித்த முதல் வாரம் பையன் அழுவான். இத்தனை நாள் உள்ளே இழுத்த தசை, வெளியே திருப்பு என்றால் திருதிருவென்று முழிக்கும். ஒரு பையனுக்கு நான் பழக்கியது தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதை வைத்து. சின்னச் சொம்பில் கால்வாசித் தண்ணீர். முதல் பத்து நாள் எல்லாம் என் மேல்தான் விழுந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருந்தால், தேதி வாங்குமுன் அந்த மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு இந்த நோய் இருந்ததாமே?
- கல்லூரி மாணவர், காரைக்குடி

இருந்தது. 1859 ஜனவரி 27, பெர்லின். பாட்டி இங்கிலாந்தின் விக்டோரியா ராணி. பிள்ளை தலைகீழாக இல்லாமல் பிட்டம் முன்னால் வர, இழுத்தெடுத்ததில் இடது கை போயிற்று. பெரியவரானபோது அந்தக் கை மற்றதைவிட 15 சென்டிமீட்டர் குட்டை. போட்டோக்களைப் பாருங்கள், இடது கையில் கையுறையைப் பிடித்தபடியோ வாளின் பிடிமேல் வைத்தபடியோ நிற்பார், நீளம் தெரியாமலிருக்க. அரண்மனை வைத்தியர்கள் மின்சாரம் பாய்ச்சினார்கள், அப்போதுதான் வெட்டிய முயலின் சூட்டுக்குள் கையை நுழைத்து வைத்தார்கள். நம் ஊர் ஒத்தடமே தேவலை. பிரெஞ்சு டாக்டர் டுஷேன் இந்தக் கை நோயைப் பற்றி எழுதியது 1872, ஜெர்மன் டாக்டர் எர்ப் விளக்கியது 1874. பாவம், இவர் முந்திப் பிறந்துவிட்டார்.

ஆனால் ஒன்று. நல்ல கையைக் கட்டிப்போட்டு இடது கையைப் பழக்கவும் முயன்றார்கள். அந்தக் கைக்கு நரம்பே வராததால் அப்போது பயனில்லை. கொஞ்சமாவது நரம்பு திரும்பிய குழந்தைகளுக்கு, தினமும் சிறிது நேரம் நல்ல கையில் உறை மாட்டிவிட்டு விளையாட விடுவது இன்று ஒரு சிகிச்சை முறையே. அழவைக்காமல் செய்ய வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

கேள்வி: மூத்தவளுக்குப் பிறக்கும்போது இப்படி ஆனது. இப்போது மறுபடி நாலு மாதம். இவனுக்கும் வருமா? (இவன் என்று நானே முடிவு செய்துகொண்டேன்!) சிசேரியன் கேட்கலாமா?
- வாசகி, தேனி

ஒருமுறை தோள் மாட்டியவர்களுக்கு மறுபடி மாட்டும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் முதல் பிரசவத்தில் நடந்ததை, முடிந்தால் அந்த டிஸ்சார்ஜ் தாளோடு, இப்போதைய டாக்டரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். எட்டாம் மாதத்தில் சொல்கிற விஷயம் இல்லை. சிசேரியன் ஆபத்தை நன்றாகக் குறைக்கும், முழுக்க இல்லாமலாக்காது. அதன் பாதகங்களோடு சேர்த்துப் பேசி முடிவு செய்யுங்கள். அதைவிட உங்கள் கையில் இருப்பது சர்க்கரை. அம்மாவுக்குச் சர்க்கரை ஏறினால் பிள்ளைக்குத் தோளும் நெஞ்சும் அகலும். 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், 140க்குள் இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடுதான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத இந்தச் சோதனையை இங்கே பரப்பியவர் நம் சென்னை டாக்டர் வி. சேஷையா. முதல் தடவை சரியாக இருந்தாலும், திரும்ப எடுக்கச் சொல்லும்போது தட்டிக்கழிக்காதீர்கள்.

கேள்வி: எனக்குப் பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்து வலது கை இப்படித்தான். மூன்று சென்டிமீட்டர் குட்டை, தோள் உருண்டை தட்டையாக இருக்கும். சின்ன வயதில் யாரும் ஒன்றும் செய்யவில்லை. பரீட்சை எழுதினால் சப்பை எலும்பு ஓரமெல்லாம் கடுக்கிறது. இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா? கல்லூரி விழாவுக்குப் புடவை கட்டணும், ப்ளவுஸ் ஒரு பக்கம் வழிகிறது, அதையும் சொல்லுங்கள்.
- வாசகி, ராஜபாளையம்

கடைசிக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. முதலில் கடுப்பு. தோள் மூட்டு செய்ய வேண்டியதைச் சப்பை எலும்பைச் சுற்றியிருக்கும் தசைகள் இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கின்றன. மூன்று மணி நேரப் பரீட்சையில் அவை களைத்துப்போகின்றன, அவ்வளவுதான். எழுதும்போது வலது முழங்கை முழுசாக மேஜைமேல் இருக்க வேண்டும், தொங்கக் கூடாது. உங்கள் வகுப்பில் பெஞ்சு குட்டை, டெஸ்க் உயரம் என்றால் முழங்கை மேலே போய்த் தோள் தூக்கிக்கொள்ளும், கேட்டு வேறு இடத்தில் உட்காருங்கள். அரைமணிக்கு ஒருமுறை பேனாவை வைத்துவிட்டு இரண்டு சப்பை எலும்புகளையும் முதுகுக்கு நடுவில் நெருக்கி ஐந்து எண்ணுங்கள். பையை அந்தத் தோளில் மாட்டாதீர்கள். மருத்துவச் சான்றிதழ் வாங்கிக் கல்லூரியில் கொடுத்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் கேட்கலாம், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நரம்பை ஒட்டுப்போடும் வயது தாண்டிவிட்டது, உண்மை. ஆனால் கை வாய்க்கோ தலைக்கோ போக மறுத்தால், எலும்பைத் திருப்பிவைக்கும் ஆபரேஷன் உங்கள் வயதிலும் செய்வதுண்டு. ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். வேண்டாம் என்று முடிவு செய்தாலும் சரி, பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ப்ளவுஸ்: அளவு ப்ளவுஸைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், நேரில் போங்கள். தோள், கைநீளம், கை சுற்றளவு மூன்றையும் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். ‘ஒரு பக்கம் எடுத்தாப் போதும்மா’ என்பார்கள், விடாதீர்கள். வலது தோளுக்குள் மெல்லிய பேட் வைத்துத் தைத்தால் வழியாது. முந்தானை இடது தோளில் போவதால் அந்தப் பக்கக் கவலை இல்லை. கொக்கியை மட்டும் முன்பக்கம் வைக்கச் சொல்லுங்கள், பின்கொக்கி போட உங்கள் கை அவ்வளவு தூரம் போகாது.